நேராக நின்ற நான்கு குமிழ்கள்

என் தம்பி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடி. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை ஆட்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போடுவான். பிறகு அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவான். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா?" என்று கேட்பான். ஒரு நாளைக்குக் குறைந்தது பதினைந்து பேர், ஆளுக்கு முப்பது தடவை. கடையில் அவனுக்கு ‘இதுவா அதுவா’ என்றே பெயர்.

சொந்த விஷயத்திலும் அவன் அப்படித்தான். செருப்புக் கடைக்குப் போனால் இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று போட்டுக்கொண்டு கடை முழுக்க நடந்து பார்த்துவிட்டுக் கடைசியில் என் முகத்தைப் பார்ப்பான். நான் ஒரு காலைக் காட்டினால்தான் பெட்டியை மூடுவான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவன் மனைவியைப் பெண் பார்க்கப் போன அன்றும் என் முகத்தைத்தான் பார்த்தான். நல்லவேளை, அன்றைக்கு அங்கே ஒரே பெண்தான் இருந்தாள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினேழு வயதில் அந்தக் கடையைப் பெருக்குவதற்குச் சேர்ந்தவன் அவன். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கி, இன்று அதே கடையில் கண் பரிசோதிக்கிறான். அந்தச் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்குகிறது. நான் போகும்போதெல்லாம் ஒரு விரலால் அதைத் தட்டி நேராக்கிவிட்டு வருவேன். சின்னக் குழந்தைகள் வந்தால் தரையில் முட்டி போட்டு, குழந்தையின் உயரத்துக்கு இறங்கி, கண்ணாடி முகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பான். உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் ஃபிரேமைக் கொஞ்சம் கோணலாக வளைத்தால்தான் முகத்தில் நேராகத் தெரியுமாம். அவன் அப்படி வளைப்பதை ஒருநாள் நின்று பார்த்தேன். பாதியில் வெளியே வந்துவிட்டேன். நல்ல ஃபிரேமை ஒருவன் வேண்டுமென்றே கோணலாக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அந்த மெஷினில் நூலின் இறுக்கத்துக்கு நான்கு திருகுகள் இருக்கும். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது நான்கையும் நடு இடத்துக்குத் திருப்பி, துணியால் துடைத்து, உறை போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். என் வரிசையில் இருக்கிற பதினோரு பேரில் அப்படிச் செய்வது நான் ஒருத்திதான். இந்தப் பழக்கத்தை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

தம்பிக்கு கிதார் பைத்தியம் பிடித்தது இருபத்தாறாவது வயதில். பக்கத்து அறையில் குடியிருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது தன் கிதாரை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவன் விடவில்லை. இப்போது ஐந்து பேர் இருக்கிற ஒரு குழுவில் வாசிக்கிறான். கம்பெனி ஆண்டு விழா, பள்ளிக்கூட நிகழ்ச்சி, வரவேற்பு என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போவார்கள். பெரும்பாலான பாட்டுகளில் இவன் பின்வரிசையில் நின்று தாளத்துக்கு வாசிப்பான். கேட்கவே கேட்காது. கை ஆடுவதை வைத்துத்தான் இவனும் வாசிக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் வேறு மாதிரி. மெதுவான பாட்டு. குழுவில் அதைத் ‘தண்ணிப் பாட்டு’ என்பார்கள். அதை கிதார் தனியாக ஆரம்பிக்கும். மற்ற நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். விளக்கு என் தம்பி மேல் மட்டும் விழும். முப்பத்திரண்டு விநாடி. என் போனில் அளந்து பார்த்திருக்கிறேன். அவன் இத்தனை வருஷம் வாசித்ததில் அவனுக்கென்று இருப்பது அந்த முப்பத்திரண்டு விநாடிதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிக்கிறவர். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. யாராவது தப்பாக வாசித்தால் வாயால் எதுவும் சொல்ல மாட்டார். வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதிப்பார். ஐந்து பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். அவருக்கு ‘பிரேக் சார்’ என்று பேர் வைத்தது என் தம்பி என்று கேள்வி. ஆனால் அவர் முன்னால் அதைச் சொல்லும் தைரியம் அவனுக்குக் கிடையாது.

ஒருநாள் தண்ணிப் பாட்டின் நடுவில் அந்தக் கால் இறங்கியது.

"தண்ணிப் பாட்டுன்னு சொல்றோம். தண்ணியே இல்லையே" என்றாராம். "சத்தம் சுழலணும் சார். வாய்க்கால்ல சுழி போடுமே, அந்த மாதிரி. அதுக்குன்னு கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டற ஒரு பெடல் இருக்கு, ஃபேசர்னு. அடுத்த மாசம் கம்பெனி விழா. அதுக்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகை. அதுக்குள்ள அந்தச் சத்தம் வரலைன்னா ஆரம்பத்தை நானே கீபோர்டுல வாசிச்சுடறேன். நீங்க பின்னாடி நின்னு சேர்ந்துக்குங்க."

தம்பி மறுநாளே அந்தப் பெடலை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் வீடு சின்னது. பெண்ணுக்குப் பரீட்சை வேறு. அதனால் என் வீட்டுப் பின்னறைதான் அவன் வாசிக்கிற இடம். மாலை ஆறிலிருந்து ஏழரை வரை. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் காதில் மாட்டியிருக்கிற கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படிப்பார்.

பெடல் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. பச்சை நிறம். காலால் மிதிக்க ஒரு பொத்தான், அதற்கு மேலே வரிசையாக நான்கு குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் ஒரு வெள்ளைக் கோடு. கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அதன் அளவு. கூட வந்த சிறு புத்தகத்தில் எழுத்து எறும்புக் கால் மாதிரி இருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன் தன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, என் வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கி அதைப் படித்தான்.

எனக்கும் விளக்கினான். "கிதார் சத்தம் உள்ள போனதும் ரெண்டாப் பிரியும் அக்கா. ஒண்ணு நேரா வந்துடும். இன்னொண்ணை இது கொஞ்சம் தள்ளிவிட்டு, முன்ன பின்ன ஆக்கி அனுப்பும். ரெண்டும் வெளிய வந்து திரும்ப சேரும்போது சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சு அழிச்சுக்கும். அந்த அழிஞ்ச இடம் மேலயும் கீழயும் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அதுதான் காதுக்குச் சுழல்ற மாதிரி கேக்குது."

"சரி. இந்த நாலும்?"

"முதலாவது ரேட். எவ்வளவு வேகமா சுழலணும்ங்கிறது. ரெண்டாவது டெப்த். எவ்வளவு தூரம் போய் வரணும். மூணாவது ஃபீட்பேக். வெளிய வந்த சத்தத்தைத் திரும்ப உள்ள விடறது. ஏத்தினா மூக்கால பாடற மாதிரி கூர்மையா ஆகும். நாலாவது மிக்ஸ். தள்ளிவிட்ட சத்தம் எவ்வளவு கலக்கணும்ங்கிறது."

இவ்வளவு அழகாகச் சொன்னவன் அடுத்து என்ன செய்தான் தெரியுமா? நான்கையும் கடைசி வரைக்கும் திருகி வைத்தான்.

"ஏன்டா எல்லாத்தையும் முழுசா வைக்கறே?"

"இருக்கறதை முழுசா கேட்டுப் பார்க்க வேணாமா?"

கடையில் யாராவது வந்து, "கொஞ்சம் பவர் கூட்டிப் போட்டா இன்னும் நல்லாத் தெரியும் இல்லையா?" என்று கேட்டால், பவர் கூடினால் நல்லது என்று யார் சொன்னது என்று பத்து நிமிஷம் பாடம் எடுக்கிறவன் இவன்தான். பெடலை மிதித்து ஒரு கம்பியைத் தட்டினான். குளிர் காலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவன் பாடுவது மாதிரி ஒரு நடுக்கம் வந்தது. மேஜை மேல் இருந்த டம்ளர் கூட அதிர்ந்தது. கூடத்தில் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கருவி இல்லாமலே.

மூன்று வாரம் இப்படியே போனது. ரேட், டெப்த், ஃபீட்பேக் மூன்றையும் மாற்றி மாற்றித் திருப்புவான். நாலாவதைத் தொடவே மாட்டான். "அது கலக்கறதுதானே, முழுசா கலக்கட்டும்" என்பான். ஒவ்வொரு திருப்பலுக்கும் என்னைக் கேட்பான்.

"அக்கா, இதுவா, முன்னாடி வாசிச்சதா?"

"ரெண்டும் நடுங்குது."

"எது கம்மியா நடுங்குது?"

"முன்னாடி உள்ளது."

"அதுக்கும் முன்னாடி உள்ளதை விடவா?"

"டேய், நான் கண்ணு டெஸ்ட்டுக்கு வரலை. எனக்கு அரிசி களையணும்."

ஆனாலும் உட்கார்ந்து கேட்டேன். ஓவர்லாக் மெஷினில் ஒரு நூல் இழுத்தால் துணியைப் பார்க்காமலே சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதை நம்பித்தான் அவன் கேட்கிறான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒத்திகைக்கு முந்தின புதன்கிழமை காலையில் பின்னறையைப் பெருக்கினேன். மற்ற மூன்று குமிழ்களும் எப்படியோ தலை நிமிர்ந்து நின்றன. நாலாவது மட்டும் கழுத்து முறிந்தது போல வலது பக்கம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் ஐந்து மணிக்கு முள் நிற்குமே, அந்த இடத்தில். பார்க்கவே கண்ணை உறுத்தியது. போகிற போக்கில் குனிந்து அதை மட்டும் நேராக நிமிர்த்திவிட்டு, மீதி அறையைப் பெருக்கினேன். கதவு இடுக்கில் தூசி நிறைய இருந்ததால் அது மனதில் தங்கவில்லை.

புதன் மாலை அவன் வரவில்லை. வியாழன் மாலை வந்தான். வழக்கம்போல முதல் மூன்றையும் அங்கே இங்கே திருப்பினான். ரேட்டைக் குறைத்தான். டெப்த்தைக் கூட்டினான். ஃபீட்பேக்கைக் குறைத்தான். பெடலை மிதித்து வாசித்தான்.

நான் அடுப்படியில் இருந்தேன். கையில் இருந்த கரண்டியோடு வந்து நின்றுவிட்டேன். நடுக்கம் போயிருந்தது. சத்தம் மெதுவாக ஒரு பக்கம் குவிந்து, விரிந்து, திரும்பவும் குவிந்தது. வாளியில் கையை விட்டுச் சுழற்றி எடுத்த பிறகு தண்ணீர் தானாகச் சுற்றுமே, அந்த மாதிரி.

"இதுவா?" என்றான். முன்னாடி உள்ளதைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதுதான்" என்றேன்.

"ஃபீட்பேக்தான் அக்கா. அதைக் குறைக்கணும்னு எனக்கு அப்பவே தோணுச்சு." அரை மணி நேரம் தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். பிறகு பெடலை அப்படியே தரையில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கடையில் கணக்கெடுப்பு, சனிக்கிழமை மதியம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினான். குறித்து வைத்துக்கொண்டானா என்றால் இல்லை. வருகிறவர்கள் எல்லாருடைய கண்ணையும் அட்டையில் குறித்து வைக்கிறவன்.

வெள்ளிக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் பத்துப் பேர் முன்னால் போகப் போகிற பொருள். அதன் மேல் தூசியும் கால் தடமும் இருந்தன. என் தம்பியின் பொருள் அழுக்காக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்தேன். குமிழ் இடுக்கெல்லாம் தேய்த்தேன். காது குடைகிற பஞ்சால் ஓரத்தைச் சுற்றினேன். மெத்தென்ற துணியால் பச்சை பளபளக்கும்வரை துடைத்தேன். எல்லாம் முடிந்து எட்ட நின்று பார்த்தபோது, குமிழ்கள் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. கை தானாகப் போனது. நான்கு கோடுகளும் ஒரே மாதிரி, மேலே பார்த்து, நேராக, சிப்பாய்கள் மாதிரி நின்றன. திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை கடைக்கு அரை நாள்தான். இரண்டு மணிக்கு வந்தான். ஒத்திகை நான்கு மணிக்கு.

"பளபளன்னு இருக்கு" என்றான் சந்தோஷமாக. "ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடலாம்."

மிதித்தான். வாசித்தான். தண்ணீர் சுற்றவில்லை. யாரோ அவசரமாக வாய் கொப்பளிப்பது மாதிரி இருந்தது. கீழே குனிந்து பார்த்தவன் அப்படியே இருந்தான்.

"அக்கா."

"என்ன?"

"இதை யாரு திருப்பினா?"

"துடைச்சேன். கோணலா இருந்தது. நேராக்கினேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"நேரா இருக்கறதெல்லாம் நேரா இருக்காதுக்கா" என்று மட்டும் சொன்னான். மணி இரண்டு பத்து. அந்த முப்பத்திரண்டு விநாடி என் துடைப்புத் துணியோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. நேராக இருப்பது எனக்கு நினைவில் நிற்காது. கோணலாக இருப்பது மறக்கவே மறக்காது. எங்கள் ஓனர் அறையில் காலண்டர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

"பெடலை அன்னிக்கு இருந்த இடத்துலயே வை" என்றேன். "தரையில அந்தக் கருப்புக் கல்லு ஓரமா. சரி. முதல் குமிழ் கட்டில் காலைப் பார்த்துக்கிட்டு இருந்தது."

"எந்தக் கால்?"

"தலைமாட்டுப் பக்கம். முழுசா இடது பக்கம் சாஞ்சிருந்தது. கடிகாரத்துல ஒன்பது மணி."

திருப்பினான்.

"ரெண்டாவது பீரோ மூலையைப் பார்த்தது. ரெண்டு மணி இருக்கும். கொஞ்சம் கூட. போதும், போதும். மூணாவது சுவத்துல ஆணி இருக்கு பார், அதுக்கு நேரா. பத்தரை."

"இவ்வளவு எப்படிக்கா ஞாபகம் இருக்கு?"

"அவ்வளவு உறுத்துச்சு."

அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "நாலாவது எனக்கே தெரியும். அது ஃபுல்லு" என்று சொல்லிக்கொண்டே மிக்ஸைக் கடைசிவரை திருகி, பெடலை மிதித்து வாசித்தான்.

நடுக்கம். மூன்று வாரமாகக் கேட்ட அதே குளிர் நடுக்கம், கொஞ்சம் மெதுவாக.

"இல்லையே" என்றான். "ஃபீட்பேக்கை இன்னும் குறைக்கணுமோ?" அதைத் தொட்டான். டெப்த்தைத் தொடப் போனான். விட்டால் எல்லாவற்றையும் திரும்பக் கலைத்துவிடுவான் என்று தெரிந்தது.

"தொடாதே" என்றேன். "நாலாவது நேரா இருந்தது."

"இல்லக்கா. வாங்கின நாள்லேர்ந்து அது ஃபுல்லு. நான் தொட்டதே இல்லை."

"நீ தொடலை."

அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"புதன்கிழமை பெருக்கும்போது அதை மட்டும் நிமிர்த்தினேன். கழுத்து தொங்கிட்டு இருந்தது" என்றேன்.

"புதன்கிழமையுமா?"

"அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. அவர் கருவியை இன்னும் கழற்றவில்லை போலிருக்கிறது. "எங்க வீட்டுல ஃபேன் ரெகுலேட்டர் எப்பவும் நேரா, ரெண்டரைலதான்டா இருக்கும். ரெண்டு வேணும்னாலும் அதுதான், அஞ்சு வேணும்னாலும் அதுதான். நீ இன்னிக்குத்தான் கண்டுபிடிக்கறியா?"

தம்பி மூன்றாவதைத் திரும்ப ஆணிக்கு நேராக வைத்தான். நாலாவதை நிமிர்த்தினான். வாசித்தான்.

தண்ணீர் சுற்றியது.

கடைசிச் சுரம் அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தான். பிறகு, "அட முட்டாளே" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டான். "அக்கா, நேரா வர்ற சத்தமும் தள்ளிவிட்ட சத்தமும் சேர்ந்தாத்தானே ஒண்ணை ஒண்ணு அழிக்கும்? நான் ஃபுல்லா வச்சேன். அப்போ தள்ளிவிட்டது மட்டும்தான் வெளிய வருது. நேரா வர்றது இல்லவே இல்லை. அது யார்கூடச் சண்டை போடும்? தனியா நின்னு நடுங்கத்தான் செய்யும். ரெண்டும் சரிபாதி இருந்தாத்தான் சண்டை நல்லா நடக்கும். நான்தான் இதை உனக்கு விளக்கினேன், என் வாயாலயே."

"விளக்கினே. அப்புறம் முழுசா திருகினே."

"நீ புதன்கிழமை திருப்பலைன்னா எனக்கு வந்தே இருக்காது."

"வெள்ளிக்கிழமை திருப்பலைன்னா போயே இருக்காது. கிளம்பு."

பெடலை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டுப் பையில் துண்டை விரித்து, அதன் நடுவில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். விளிம்புவரை பால் நிறைந்த பாத்திரத்தைக் கூட நான் அப்படிப் பிடித்ததில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், "உள்ள முட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேச்சை வளர்ப்பானேன்.

ஒத்திகை ஒரு மேஜை நாற்காலிக் கடையின் மாடியில் இருந்த கூடத்தில். விற்காத நாற்காலிகள் ஓரமாக அடுக்கியிருந்தன. ஒன்றை இழுத்துக் கடைசியில் போட்டு உட்கார்ந்தேன். பிரேக் சார் வாட்டசாட்டமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, பொத்தான் எல்லாம் போட்ட முழுக்கைச் சட்டையில், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். கால் மட்டும் பெரிதாக இருந்தது.

"வந்துச்சா சார்?" என்றார் தம்பியிடம்.

"வந்துச்சு சார்."

"பாக்கலாம். நான் கணக்குச் சொல்றேன்." விரலால் கீபோர்டின் ஓரத்தைத் தட்டி வேகத்தைக் காட்டினார்.

தம்பி ஆரம்பித்தான். என் பின்னறையில் கேட்டது அந்தப் பெரிய கூடத்தில் இன்னும் அகலமாகச் சுழன்றது. பத்து விநாடி இருக்கும். பெரிய கால் மேலே போனது. கீழே இறங்கியது.

"சத்தம் சரி" என்றார். "ஆனா சுழி ஒரு வேகத்துல போகுது, பாட்டு ஒரு வேகத்துல போகுது. நான் தட்டறதோட சேரலையே."

சொன்னது சரிதான். என் வீட்டில் அவன் இஷ்டத்துக்கு வாசித்தான். இங்கே அவர் கொஞ்சம் முன்னே போகிறார். பாட்டு கொஞ்சம் விரைவு, சுழி பின்தங்கியது. எந்தக் குமிழ், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரிந்தது. கட்டில் காலை விட்டு ஒரு நூல் மேலே.

தம்பி குனிந்தான். விரல் முதல் குமிழின் மேல் இருந்தது. அங்கிருந்தே தலையைத் திருப்பிக் கூடத்தின் கடைசி வரைக்கும் பார்த்தான். செருப்புக் கடையில் பார்ப்பானே, அதே பார்வை.

நான் பையைத் திறந்து துண்டை மடிக்க ஆரம்பித்தேன். நான்காக மடித்தேன். ஓரம் சேரவில்லை என்று பிரித்துத் திரும்ப மடித்தேன். அந்தத் துண்டை அவ்வளவு கவனமாக நான் எப்போதும் மடித்ததில்லை. பதில் தெரிந்துகொண்டு தலையை நிமிர்த்தாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த முப்பத்திரண்டு விநாடி அவனுடையது. மேடையில் நான் நிற்கப் போவதில்லை.

பிறகு அவன் குரல் கேட்டது.

"இன்னொரு தடவை கணக்குச் சொல்லுங்க சார்."

பிரேக் சார் தட்டினார். தம்பி வாசித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீர் குவிந்து விரிந்தது. நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது விநாடியில் அது கொஞ்சம் அசைந்தது. தாளம் போடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. முப்பத்திரண்டாவது விநாடியில் மற்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிகிறவரை கால் இறங்கவில்லை.

"சரி. அடுத்த பாட்டு" என்றார் பிரேக் சார்.

அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஆனால் இடைவேளையில் அவரே எழுந்து வந்து பெடலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இதுல நாலு இருக்கே, எது என்ன பண்ணும்?"

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. இருபத்தைந்து நிமிஷம். சண்டை போட இரண்டு பேர் வேண்டும் என்பதிலிருந்து காது இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை என்பதுவரை போய்விட்டான். பாவம், தன் காரில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறவர்கள் எப்படித் தவிப்பார்கள் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும். இரண்டு தடவை அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியதைப் பார்த்தேன். என் தம்பி நிற்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "நான் பார்த்தப்ப ஏன்க்கா குனிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டான்.

"துண்டு கலைஞ்சிருந்தது."

"ம்" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது.

கம்பெனி விழாவுக்கும் போனேன். விளக்கு அவன் மேல் விழுந்தது. அன்று நான் அளக்கவில்லை. கையில் போன் இருந்தது, ஆனால் மறந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை காலை பின்னறையைப் பெருக்கப் போனேன். பெடல் அதே கருப்புக் கல் ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு குமிழுக்கும் எதிரே, லென்ஸில் அளவு குறிக்கிற மெல்லிய பேனாவால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். கடைசியில் அவனும் குறித்து வைத்துவிட்டான். பெடலின் நெற்றியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கடையில் அட்டையில் எழுதுகிற அதே அழகான கையெழுத்து: ‘துடைக்கலாம். திருப்பக் கூடாது.’

துடைத்தேன். திருப்பவில்லை. கட்டில் காலுக்கு ஒரு நூல் மேலே பார்த்துக்கொண்டிருந்த முதல் குமிழைக் கூட அப்படியே விட்டேன்.

காகிதம் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை உரித்து, நேராக ஒட்டினேன்.